தன்மை ஒருமை

இரண்டு வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில், ஒரு தொடர்கதையைப் பற்றி எழுதுகையில், வணிகப் பத்திரிகைகளின் ரசனையைத் 'தமிழ் மூளையில் வளரும் புற்றுநோய்' என்று குறிப்பிட்டிருந்தேன். எழுதியபோது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. நண்பர்கள் இருவர் அந்த வரியை எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள். அந்தச் சமயத்தில் என் சித்தி எங்கள் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தாள். கர்ப்பப்பை வாயில் வந்த நோய். அவளிடம் நாங்கள் 'கட்டி' என்று மட்டும் சொல்லியிருந்தோம். கரண்ட் வைத்தால் கரைந்துவிடும் என்றும் சொல்லியிருந்தோம். மாமாவும் நானும் தனியே போய் டாக்டரைப் பார்த்து, அவளிடம் பெயரைச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அவருக்கு அது பழகிய வேண்டுகோளாக இருந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார். ஆனால் சித்தி தினமும் போய்வந்த கட்டடத்தின் முகப்பில் அந்தச் சொல் ஆள் உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. அவள் எழுதப் படிக்கத் தெரிந்தவள்.

ஒரு நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது பத்திரிகை அவள் மடியில் இருந்தது. "ஏன்டா, பத்திரிகையில அச்சடிக்கிற வார்த்தைய வீட்டுல சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து இறந்துபோனாள்.

அவள் கேட்டது உண்மையில் இரண்டு கேள்விகள். ஒரு நோயை வசவாகப் புழங்கும் உரிமை எழுதுகிறவனுக்கு எப்படி வந்தது என்பது ஒன்று. இன்னொன்று கடினமானது. நோயின் பெயரைச் சொல்லும் உரிமை யாருடையது? எங்கள் வீட்டில் மாமாவுக்கு இருந்தது, எனக்கு இருந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட இருந்தது. நோய் யாருக்கு வந்ததோ அவளுக்கு மட்டும் இல்லை. இந்த இரண்டாவது கேள்வியை வைத்துக்கொண்டு, நோயாளிகள் தாங்களே எழுதிய குறிப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த இன்னொரு மொழி ஆங்கிலம் என்பதால் படித்தவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

மருத்துவர்கள் இந்த நோயின் சரித்திரத்தைக் கத்தி, கதிர், மருந்து என்று மூன்று அத்தியாயங்களாக எழுதுவார்கள். நோயாளிகளின் எழுத்தைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேறொரு சரித்திரம் தெரிகிறது. பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்த தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூவிடங்களின் சரித்திரம் அது. எதிரே படுத்திருப்பவளை வைத்துக்கொண்டே 'அவள்' என்று பேசும் வழக்கம் எப்படி வந்தது, அவள் 'நான்' என்று சொல்வதற்கு என்ன விலை கொடுத்தாள் என்பதே அந்தச் சரித்திரம்.

ஃபானி பர்னியிலிருந்து தொடங்கலாம். ஜேன் ஆஸ்டினுக்கு முந்திய தலைமுறை நாவலாசிரியை. 1778இல் வெளிவந்த 'எவலினா' அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, 1802இல் பிரான்ஸ் போய், யுத்தம் காரணமாகப் பத்து வருஷம் அங்கேயே தங்கிவிட நேர்ந்தவர். 1810இல் மார்பில் வலி கண்டது. 1811 செப்டம்பர் 30 அன்று, நெப்போலியனுடைய படையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் லாரே, பாரிஸில் பர்னியின் வீட்டிலேயே அந்த மார்பை அகற்றினார். மயக்க மருந்து அந்தக் காலத்தில் இல்லை. பாஸ்டன் நகரில் ஈதரைக் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் அறுவை செய்து காட்டியது 1846இல்தான். பர்னிக்குக் கிடைத்தது ஒயின் கலந்த பானம் ஒன்று மட்டும்.

நடந்ததை இங்கிலாந்திலிருந்த தன் சகோதரி எஸ்தருக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். நாள் எப்போது என்பதை மருத்துவர்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலையில் சீட்டு வந்தது. கணவர் அந்த நேரம் வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டார். கறுப்பு உடையணிந்த ஏழு ஆண்கள் முன்னறிவிப்பின்றி அறைக்குள் நுழைந்தார்கள். கட்டிலில் ஏறிப் படுத்ததும் முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அது கண்ணை மறைக்கவில்லை. அதன் வழியே, சுற்றி நிற்கும் ஆட்களும் எஃகின் பளபளப்பும் தெரிந்தன. மருத்துவர்கள் ஒன்றும் பேசவில்லை. விரலால் காற்றில் ஒரு கோடும் ஒரு வட்டமும் வரைந்து காட்டிக்கொண்டார்கள். மார்பு முழுவதும் போகப்போகிறது என்று பர்னிக்கு அந்த வட்டத்திலிருந்துதான் தெரிந்தது. மார்பை யார் பிடித்துக்கொள்வது என்று லாரே கேட்டபோது, கைக்குட்டையை விலக்கி, நானே பிடித்துக்கொள்கிறேன் என்றார் பர்னி. மறுபடியும் படுக்க வைத்தார்கள்.

கத்தி நுழைந்ததையும், எலும்பைச் சுரண்டியதையும், தான் கத்தியதையும் அவர் எழுதுகிறார். இந்தக் கடிதத்தைத் தைரியத்தின் சாசனமாகப் பாராட்டுவது இப்போது சம்பிரதாயமாகிவிட்டது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தக் கைக்குட்டை. மறைத்துவிட்டோம் என்று ஏழு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்களுடைய சைகை மொழியைப் படித்து அர்த்தம் பண்ணிக்கொள்கிறார். லாரேயின் மாணவர் எழுதிய மருத்துவக் குறிப்பு ஒன்றும் இந்தக் கடிதத்தோடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதில் கட்டியின் அளவு இருக்கிறது. கைக்குட்டை இருக்க முடியாது, ஏனென்றால் அதை வெளியேயிருந்து பார்த்தவருக்கு அது ஒரு துணி.

இன்னொன்று. கடிதம் ஒரே மூச்சில் எழுதப்பட்டதில்லை. அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து, 1812 மார்ச்சில் ஆரம்பித்து, ஜூனில்தான் முடிகிறது. நினைத்தாலே தலை வலிக்கிறது, எழுதியதைத் திரும்பப் படிக்கத் துணிவில்லை என்கிறார். அனுபவம் என்ற சொல்லை நாம் நம் பத்திரிகைகளில் அளவுக்கு மிஞ்சிப் புழங்கிவிட்டோம். அனுபவம் உண்மையாக இருந்தால் எழுத்து தானாகப் பொங்கி வரும் என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. தொழில்முறை எழுத்தாளரான பர்னிக்கு இருபது நிமிஷ அனுபவத்தைச் சொல்ல மூன்று மாதம் பிடித்திருக்கிறது. அவருக்கு வந்தது புற்றுநோய்தானா என்று நிர்ணயிக்க இப்போது வழியில்லை. அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்து 1840இல், 87 வயதில் இறந்தார்.

ஆலிஸ் ஜேம்ஸின் நிலை வேறு. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸுக்கும் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸுக்கும் தங்கை. வாழ்நாள் முழுவதும் நோயாளி. ஆனால் என்ன நோய் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நரம்புத் தளர்ச்சி, ஹிஸ்டீரியா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1891 மே மாதத்தில் லண்டனில் ஸர் ஆண்ட்ரூ கிளார்க் என்ற டாக்டர் பரிசோதித்து, மார்பிலிருப்பது புற்று என்று அவரிடம் நேரடியாகவே சொன்னார். ஆலிஸ் தன் டயரியில் அதை ஒரு விடுதலையைப் போல வரவேற்று எழுதுகிறார். முதல் தடவையாகத் தன் துன்பத்துக்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு ஸ்தூலமான காரணம் கிடைத்துவிட்டது என்பது அந்தச் சந்தோஷம். படிக்கும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் தெரிவது நோயாளியைக் கொன்றுவிடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த டயரியைப் படிக்க வேண்டும். பெயரில்லாத நாற்பது வருஷங்கள்தான் அவரை வாட்டியிருக்கின்றன.

கடைசி மாதங்களில் எழுத முடியாமல், தோழி கேதரீன் லோரிங்கிடம் சொல்லி எழுத வைத்தார். 1892 மார்ச் 6 அன்று இறந்தார். இறப்பதற்கு முன் அவர் சொன்ன கடைசி விஷயங்களில் ஒன்று, மார்ச் 4ஆம் தேதிக் குறிப்பிலிருந்த ஒரு வாக்கியத்தில் செய்ய வேண்டிய திருத்தம். 1894இல் லோரிங் அந்த டயரியை நான்கே பிரதிகள் அச்சிட்டார். ஹென்றி ஜேம்ஸ் அதன் எழுத்தை வியந்தார், குடும்ப விஷயங்கள் வெளியே தெரிந்துவிடுமே என்று நடுங்கினார், தன் பிரதியை அழித்தும்விட்டார். மனித மனத்தின் நுட்பங்களை எழுதியே பேர் பெற்றவர் அவர். தங்கை 'நான்' என்று எழுதியதை அவரால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. முதல் தடவை புத்தகமாக அது வெளிவந்தது 1934இல்.

பிறகு வந்தது நீண்ட மௌனம். அந்த மௌனத்துக்கு மருத்துவத்தின் வெற்றியும் ஒரு காரணம். 1890களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்போடு அதனடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை நிலைநாட்டினார். ஏறக்குறைய எண்பது வருஷம் அந்த முறை ஆட்சி செய்தது. மயக்க மருந்து வந்து வலி போயிற்று. அது பெரிய கருணை. ஆனால் கைக்குட்டையின் பின்னால் விழித்திருந்த கண்ணும் அதோடு மூடிக்கொண்டது. கட்டியைச் சோதித்துப் பார்ப்பதையும் மார்பை அகற்றுவதையும் ஒரே மயக்கத்தில் செய்துவிடுவது வழக்கமாயிற்று. மார்போடு எழுந்திருப்போமா இல்லாமல் எழுந்திருப்போமா என்று தெரியாமலே தூங்கப் போனாள் நோயாளி. அவள் தூங்கும்போது தீர்மானம் நடந்து முடிந்துவிடும்.

1961இல் அமெரிக்க மருத்துவர்களிடம் எடுத்த ஒரு கணிப்பில், பதில் சொன்னவர்களில் 90 சதவிகிதம் பேர் புற்றுநோயாளியிடம் நோயைச் சொல்லாமலிருப்பதே நல்லது என்றார்கள். அதே கேள்வித்தாளை வைத்து எடுத்து 1979இல் வெளியிட்ட கணிப்பில் 97 சதவிகிதம் பேர் சொல்வதே நல்லது என்றார்கள். இந்த இரண்டு எண்களையும் நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளியிடம் மறைப்பது நம் கலாச்சாரம், நம் குடும்பப் பாசத்தின் இயல்பு, வெளியே சொல்வது வெள்ளைக்காரன் வழக்கம் என்று நம்மிடையே ஒரு வாதம் உண்டு. மாமாவும் அதைத்தான் சொன்னார், நானும் நம்பினேன். 1961இன் வெள்ளைக்காரன் என் மாமாவைப் போலத்தான் இருந்திருக்கிறான். பதினெட்டே வருஷத்தில் தலைகீழாக மாறக்கூடிய ஒன்றைக் கலாச்சாரத்தின் சாரம் என்று சொல்ல எனக்கு இப்போது தயக்கமாக இருக்கிறது.

அந்தப் பதினெட்டு வருஷத்தில் நடந்தவற்றில் ஒன்று நோயாளிகள் எழுத ஆரம்பித்தது. ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்டார். முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவைச் சொல்லுங்கள், பிறகு நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கேட்டார். பல மருத்துவர்கள் மறுத்தார்கள். மறுநாளே புத்தகசாலைக்குப் போகிற வகை மனுஷி அவர். 1975இல், தன் கதையும் ஆராய்ச்சியும் கலந்த ஒரு புத்தகத்தை வெளியிட்டார். கூட்டங்களில் எழுந்து நின்று சண்டை போட்டார். 1979இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் குழு, சோதனையையும் அறுவையையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்றும், ஹால்ஸ்டெட் முறை இனிப் பொது முறையாக இருக்க வேண்டியதில்லை என்றும் சிபாரிசு செய்தது. அந்தக் குழுவில் குஷ்னரும் இருந்தார். மருத்துவ ஆய்வுகளும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தன என்பது உண்மை. ஆனால் தூங்கப் போகுமுன் என்னிடம் கேள் என்ற கோரிக்கை ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. குஷ்னரின் புத்தகம் இலக்கியம் இல்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இலக்கியமும் இந்தப் பிரச்னையும் நேருக்கு நேர் சந்திப்பது ஸூஸன் ஸோண்டாகிடத்தில். 1975இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1978இல், நோய் எப்படி உருவகமாகிறது என்பதைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. காசநோயை ஆத்மாவின் மென்மைக்கும், புற்றுநோயை அடக்கிவைத்த உணர்ச்சிக்கும் அடையாளமாக்கி, நோயோடு அவமானத்தையும் நோயாளி தலையில் ஏற்றுகிறோம் என்பது அவர் வாதம். கிரேக்கன் நண்டு என்றான், நாம் புற்று என்கிறோம். கரையான் கட்டியதில் பாம்பு குடியிருக்கும் என்று பாலும் முட்டையும் வைக்கிற ஊரில், உடம்புக்குள் புற்று என்றால் என்னென்ன ஊர்ந்து வராது? மேடையில் லஞ்சம் புற்றுநோய், ஜாதி புற்றுநோய். சிறுபத்திரிகையில், நான் எழுதியதுபோல, தொடர்கதை புற்றுநோய். ஸோண்டாகின் புத்தகத்தை அந்த வரி எழுதுவதற்கு முன்பே நான் படித்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். படித்தது வேறு, தெரிந்துகொள்வது வேறு.

அந்தப் புத்தகத்தில் 'எனக்கு இந்த நோய் வந்தது' என்ற வாக்கியம் இல்லை. நோய் வந்து, அழுது, போராடி, மீண்டு வந்த கதை இன்னொன்று தேவையில்லை, கதையைவிடக் கருத்து பயன்படும் என்று நினைத்ததாக, 1989இல் வெளிவந்த எய்ட்ஸ் பற்றிய தம் புத்தகத்தில் ஸோண்டாக் விளக்கினார். விமர்சகனுக்கு உடனே பிடித்துப்போகும் நிலைபாடு. எனக்கும் பிடித்தது. இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பவர் ஆட்ரி லோர்ட். கறுப்பினக் கவி. 1978இல் மார்பகம் அகற்றப்பட்டது. 1980இல் டயரிக் குறிப்புகளும் கட்டுரைகளுமாக அவர் புத்தகம் வெளிவந்தது. அறுவை முடிந்து படுத்திருக்கையில், உதவிக்கு வந்த தொண்டர் ஒருத்தி, மார்புக்குள் வைத்துக்கொள்ள வெளிர்ரோஜா நிறத்தில் ஒரு பஞ்சுத் திண்டைத் தருகிறாள். கறுத்த உடம்பில் ரோஜா நிறத் திண்டு! சில நாள் கழித்து, திண்டு இல்லாமல் டாக்டரின் அறைக்குப் போனால், இப்படி வந்தால் இங்கே மற்றவர்கள் மனம் தளரும் என்கிறாள் ஒரு நர்ஸ். இஸ்ரேல் தளபதி மோஷே தயான் கண்ணில் கறுப்புப் பட்டியோடு வந்தால் வீரன் என்கிறார்கள், போய்க் கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டு வா என்று யாரும் சொல்வதில்லையே என்று கேட்கிறார் லோர்ட். பஞ்சுத் திண்டு வைக்காதவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள முடியும், மறைத்துக்கொண்டால் அவரவர் தனித்தனி என்பது அவர் கட்சி.

கருத்தா, கதையா என்று இதை ஒரு பட்டிமன்றமாக்கிவிடலாம். ஆனால் காலம் இன்னொரு அத்தியாயத்தை எழுதியது. 2004இல் ஸோண்டாகுக்கு மூன்றாவது தடவையாகப் புற்றுநோய், இந்தமுறை ரத்தத்தில். அந்த மாதங்களைப் பற்றி அவர் மகன் டேவிட் ரீஃப் 2008இல் எழுதினார். நோயின் மேலிருந்த திரைகளையெல்லாம் கிழித்தெறிந்தவர், தன் மரணத்தைப் பற்றி யாரும் தன்னிடம் பேச அனுமதிக்கவில்லை. பிழைப்பேன் என்றே பேசினார். மற்றவர்களும் அப்படியே பேச வேண்டியிருந்தது. மகனால் விடைபெற்றுக்கொள்ளக்கூட முடியவில்லை.

இதைப் படித்த இரவு எனக்கு ஒரு அல்பமான ஆறுதல் கிடைத்தது. பார்த்தாயா, அவ்வளவு தெரிந்தவளுக்கே உண்மை வேண்டியிருக்கவில்லை, நாங்கள் செய்தது சரிதான் என்று. காலையில் அந்த ஆறுதல் நிற்கவில்லை. ஸோண்டாக் பேச வேண்டாம் என்று சொன்னார். அவர் மௌனம் அவர் எடுத்த தீர்மானம். தெரிந்துகொள்ளாமலிருக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு, அதையும் 'நான்' என்று ஆரம்பித்து அவர்தான் சொல்ல வேண்டும். என் சித்தியின் மௌனத்தை மாமாவும் நானும் ஒரு டாக்டரின் அறையில் ஐந்து நிமிஷத்தில் தீர்மானித்தோம். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பகலெல்லாம் எண்களோடு இருக்கிறவன் நான். விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றில் ஓர் அரிய புற்றுநோய் வந்தது. புத்தகங்களைப் புரட்டினால் நடுமதிப்பு எட்டு மாதம் என்றிருந்தது. அதன் அர்த்தம் பாதிப்பேர் எட்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள் என்பதுதான், மீதிப் பாதியின் ஆயுள் நீண்டு வருஷக்கணக்கில் போகலாம் என்று 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். 2002 வரை இருந்தார். புள்ளிவிவரம் எப்போதும் படர்க்கைப் பன்மையில் பேசுகிறது. அதைத் தன்மை ஒருமையில் பெயர்த்துக்கொள்கிற வேலை நோயாளியுடையது. ஆனால் அதற்கு முதலில் எண் அவர் கைக்கு வர வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த நோயின் சரித்திரம் ஒரு குடும்பத் துக்கத்தில்தான் தொடங்குகிறது. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த மரணத்தை மறக்காமல் முப்பது வருஷம் வாதாடி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அக்காவின் பெயரும் பணியும் நமக்குத் தெரியும், அவர் சுயசரிதையும் இருக்கிறது. அந்தத் தங்கை எப்படி இருந்தாள், என்ன நினைத்தாள் என்று அவள் வாயால் கேட்க நமக்கு வழியில்லை. அக்காவிடம் குறை காண இதைச் சொல்லவில்லை. படர்க்கையிலிருந்து எவ்வளவு பெரிய நன்மையும் பிறக்கலாம். தன்மை ஒருமையின் இடத்தை மட்டும் அது நிரப்பாது.

நம்மிடம் நோயாளியின் எழுத்தே இல்லை என்றும் இனி நான் சொல்லமாட்டேன். சித்தி இறந்த பிறகு அவள் பெட்டியில் ஒரு நாற்பது பக்கக் கணக்கு நோட்டு இருந்தது. பஸ், ஆட்டோ, சாத்துக்குடி, இளநீர் என்று தேதிவாரியாகச் செலவு. ஒவ்வொரு நாளின் ஓரத்திலும் 'கரண்ட் 1', 'கரண்ட் 2' என்று இருபத்தைந்து வரைக்கும் எண் போட்டிருக்கிறாள். ஏழாம் நாளுக்கு எதிரே, 'பச்சைப் புடவைக்காரம்மா வரவில்லை' என்று எழுதியிருக்கிறது. எட்டாம் நாளும் அதே வரி. ஒன்பதாம் நாள் ஒன்றும் எழுதவில்லை. அந்த அம்மாள் யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாது. கரண்ட் அறைக்கு வெளியே அவர்கள் இருவரும் எதைப் பேசியிருப்பார்கள், அந்தச் சொல்லைச் சொல்லிப் பேசியிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

இருபத்தைந்துக்குப் பிறகும் கணக்கு போகிறது. கடைசி ஆறு பக்கம் என் அம்மாவின் கையெழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முன் எழுதிய அந்த வாக்கியத்தை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன். அந்தத் தொடர்கதையைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றமில்லை. அது மோசமான தொடர்கதை.